குதிகால் தரையில் படாத பெண்

நம் தொழிலில் ஒரு சுகம் உண்டு. அதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள், சொல்லவும் கூச்சப்படுவார்கள். இறுகிக் கிடக்கும் ஒரு சதை நம் கட்டைவிரலுக்குக் கீழே, எதிர்பார்க்காத ஒரு நொடியில் விட்டுக்கொடுக்கும். வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி இளகும். படுத்திருப்பவர் நீளமாக ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சோடு நம் மூச்சும் சேர்ந்துகொள்ளும். பிறகு கை தானாக நடக்கும், நாம் வேறெங்கோ இருப்போம். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இன்னும் சில மாதங்களில் இதை அறிவீர்கள். அறிந்ததும் மயங்குவீர்கள். நானும் மயங்கினேன். அந்த மயக்கத்தில் ஒரு பெண்ணின் ஒரு வருடத்தைத் தொலைத்தேன்.

ஓய்வு பெற்றவர்களைப் பேசக் கூப்பிட்டால் வெற்றிக் கதைகளைத்தான் எதிர்பார்ப்பார்கள். பதக்கம் வாங்கிய கால்களை எல்லாம் நான்தான் பிடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். அப்படிச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஊரெல்லாம் காரியம் ஆவதற்காகக் காலைப் பிடிக்கிறது, நீ மட்டும் காலைப் பிடிப்பதையே காரியமாக வைத்திருக்கிறாய் என்று என் கணவர் கேலி செய்வார். அந்தக் காரியத்தில் நான் சறுக்கிய கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் என்று நினைவு. பழனிசெட்டிபட்டியில் ஒரு வாடகை அறையில் பிசியோதெரபி மையம் நடத்திக்கொண்டிருந்தேன். முதுகுவலிக்காரர்கள், கை கால் விழுந்துபோனவர்கள் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் மனசு முழுக்க விளையாட்டுக்காரர்கள் மேல். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறி, கம்பம் பக்கம் ஒரு பள்ளி மைதானத்துக்குப் போவேன். அந்தப் பயணமே பாதித் தூக்கத்தில் நடக்கும். சின்னமனூர் தாண்டும்போது வயலில் தண்ணீர் பளபளக்கும். கண்ணை மூடித் திறந்தால் உத்தமபாளையம் வந்திருக்கும். மேற்கு மலைமேல் மேகம் படுத்திருக்கும். ஜன்னல் வழியாக வரும் காற்றில் ஈர மண்ணும் டீக்கடைப் பாலும் மணக்கும். இறங்கி மைதானத்துக்குள் நடக்கும்போதுகூட முழுதாக விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

அந்த மைதானத்தின் கோச் ஐம்பதைத் தொட்டவர். சத்தமாகப் பேசுவார், ஆனால் யார்மேலும் கை வைத்ததில்லை. தை மாதம் ஒருநாள் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"மேடம், இந்தப் புள்ளைய மட்டும் பாத்துக் குடுத்துருங்க. ஹைஜம்ப். பேரு பேச்சியம்மா. மதுரையில ஒரு காலேஜுல விளையாட்டுக்கு சீட்டு இருக்கு. ஹாஸ்டலு, சாப்பாடு, பீஸு எல்லாம் அவுகளே பாத்துக்கிருவாக. ஜூன்ல செலக்‌ஷன். வீட்டுல மேல படிக்க வைக்க வழியில்ல. இவளுக்கு இருக்குறது இந்த ஒரு வாசல்தான்."

உயரம் தாண்டுகிறவள் கொக்கு மாதிரி இருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். இவள் என் தோளுக்குத்தான் இருந்தாள். காமயகவுண்டன்பட்டிக்காரி, பிளஸ் டூ பரீட்சை எழுதப்போகிறவள், வாயைத் திறந்து நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள். ஆனால் அன்று அவள் தாண்டியதைப் பார்த்தேன். ஓடிவந்து இடது காலை ஊன்றினாள். தரையே அவளைப் பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி மேலே போனாள். அவள் மோவாய்க்கும் மேலே இருந்த கம்பு அசையவே இல்லை. மெத்தையில் விழுந்து எழுந்தவள், எதுவும் நடக்காத மாதிரி உடுப்பில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு போனாள்.

அப்படித் தாண்டுகிற ஒரு பெண்ணிடம் நாம் என்ன செய்திருக்க வேண்டும்? கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். நான் சோதித்துப் பார்த்தேன்.

"குந்தி உக்காரு," என்றேன். உட்கார்ந்தாள். இரண்டு குதிகாலும் தரையில் படவில்லை, மூன்று விரல்கடை மேலே நின்றன. விரல் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"குதிகாலக் கீழ வை."

"வராதுக்கா. எங்க ஆத்தாவுக்கும் இப்படித்தான். எங்க தெருவுல முக்காவாசிப் பேருக்கு இப்படித்தான்."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவளுடைய கெண்டைச் சதையைத் தொட்டுப் பார்த்தேன். கருங்கல். என் விரல்களுக்குள் ஒரு பேராசை புகுந்தது. இந்தக் கல்லை இளக்கிவிட்டால் இவள் இன்னும் எவ்வளவு உயரம் போவாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் அப்போது நம்பினேன். உண்மையில், இந்தக் கல்லை இளக்குவது எவ்வளவு சுகமாக இருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

கோச்சைக் கூப்பிட்டு, இப்படியே விட்டால் ஒருநாள் குதிகால் நரம்பு அறுந்துபோகும் என்று பயமுறுத்தினேன். என்ன வேலை செய்கிறாய் என்று அவளிடம் கேட்டேன். லீவு நாளில் விடியற்காலையிலேயே அம்மாவோடு திராட்சைத் தோட்டத்துக்குப் போவதாகச் சொன்னாள். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த மாதமும் ஏதாவது ஒரு தோட்டத்தில் திராட்சை வேலை இருக்கும். அது என்ன வேலை, எப்படிச் செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. "தோட்டத்துக்குப் போறத நிறுத்து, உடம்புக்கு ஓய்வு வேணும்," என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அம்மா மைதானத்துக்கு வந்தார். ஒல்லியான பெண்மணி. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, இவ வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொன்னீகளாமே?"

ஆமாம் என்றேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சரித்தா. ரெண்டு பேரு பாத்த வேலைய நான் ஒருத்தி பாத்துக்கிறேன். அவ காலு நல்லா வரட்டும். நீங்க படிச்சவுக, உங்களுக்குத் தெரியாததா."

இந்தக் கடைசி வாக்கியத்தை உங்களிடமும் நிறையப் பேர் சொல்வார்கள். சொல்லும்போது கொஞ்சம் பயப்படுங்கள்.

விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில்தான் எங்கள் சிகிச்சை. ஒரு மர பெஞ்சு, அதன்மேல் என் பழைய ஜமுக்காளம். மூலையில் காற்றுப் போன பந்துகள், கோடு போடும் சுண்ணாம்புப் பொடி மூட்டை. வெளியே காற்று தென்னை ஓலைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். பேச்சி குப்புறப் படுத்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடுவாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. முகம் பத்து வயதுக்குப் போய்விடும், வாய் லேசாகத் திறந்திருக்கும். நான் எண்ணெய் தொட்டுக் கெண்டைச் சதையில் கை வைப்பேன். மேகம் மலையை விட்டு நகரும், வெயில் ஜன்னல் கம்பியின் நிழலை அவள் முதுகில் கொண்டுவந்து போடும், நிழல் நகர்ந்து தரையில் இறங்கும். அரை மணி நேரம் எங்கே போயிற்று என்று தெரியாது. எழுப்ப மனசே வராது. எழுப்பி, சுவரோரம் நிற்க வைத்து, காலை நீட்டி மடக்கி இழுத்துவிடுவேன்.

குதிகால் தூக்காமல் முழங்கால் எவ்வளவு முன்னே போகிறது என்று பார்த்து வாரம் ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். கோடுகள் தள்ளித் தள்ளிப் போயின. பங்குனி மாதம் ஒருநாள் குந்தி உட்கார்ந்தபோது இரண்டு குதிகாலும் தரையில் பட்டுவிட்டன. நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன். அவள் குனிந்து தன் கால்களை, யாரோ ஒருத்தியின் கால்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அந்த வாரம்தான் கோச் முதல்முறையாகச் சொன்னார்.

"மேடம், கம்பு விழுந்துக்கிட்டே இருக்கு."

ஓட்டத்தில் கோளாறு என்றோம். பரீட்சைக் கவலை என்றோம். சாப்பாடு போதவில்லை என்று முட்டை கொடுத்தோம். கம்பு விழுந்துகொண்டே இருந்தது. புது நீளத்துக்கு உடம்பு பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று நான் அடித்துச் சொன்னேன். அது மட்டுமா? அரை மணியை முக்கால் மணி ஆக்கினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்கைப் பார்த்த பிறகும் அதைப் பிள்ளையார் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

செலக்‌ஷனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலை பேச்சி வரவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் அம்மாவுக்குத் துணையாக இவளும் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாத உழைப்பை ஒரே நாளில் கெடுத்துவிடுவாளே என்று டவுன் பஸ் ஏறிக் காமயகவுண்டன்பட்டிக்குப் போய், விசாரித்துத் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன்.

திராட்சைப் பந்தலுக்குள் நான் அதுவரை நுழைந்ததே இல்லை. இத்தனை வருடம் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே போனதும் வெயில் பச்சையாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீருக்குள் கண் திறந்த மாதிரி எல்லாம் பச்சை. தலைக்குமேல் திராட்சை கருப்பாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. எங்கிருந்தோ பெண்களின் பேச்சும் கத்தரிக்கோல் சத்தமும் வந்தன, ஆளைக் காணோம். பந்தலில் தொங்கிய கொடியும் கொத்தும் மறைத்தன. குனிந்து பார்த்தேன்.

கால்கள் தெரிந்தன. பத்துப் பன்னிரண்டு ஜோடி இருக்கும். ஒரு குதிகால்கூடத் தரையில் இல்லை.

பந்தல் அவர்கள் கைக்கு எட்டாத உயரம். எல்லாரும் விரல் நுனியில் நின்று, அண்ணாந்து, ஒரு கையால் கொத்தைத் தாங்கி மறு கையால் காம்பை வெட்டினார்கள். வெட்டிக் கூடையில் வைத்துவிட்டு, குதிகாலை இறக்காமலே அடுத்த கொத்துக்கு நகர்ந்தார்கள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே. அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவர்களுக்கு எடையே இல்லாத மாதிரி இருந்தது. நான் எவ்வளவு நேரம் குனிந்தபடியே நின்றேனோ தெரியாது.

"என்ன டாக்டரம்மா, எங்க காலையே பாக்குறீக?" ஒரு பெண் கேட்டாள். "கொலுசு கிலுசு ஒண்ணும் போடலயே!" எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த வரிசையில் பேச்சியும் இருந்தாள். காய்ச்சலோடு நின்ற அவள் அம்மா விரல் நுனியில் அசையாமல் நின்றார். பேச்சியால் முடியவில்லை. இரண்டு கொத்து வெட்டுவாள், கால் நடுங்கும், குதிகால் பொத்தென்று இறங்கும். மறுபடி எழும்புவாள். மறுபடி இறங்கும்.

"எவ்வளவு நேரம் இப்படி நிப்பீங்க?" என்று அவள் அம்மாவிடம் கேட்டேன்.

"விடிஞ்சா நிப்போம். உச்சிப்பொழுதுக்கு எறங்குவோம்," என்றார். "இவ பன்னெண்டு வயசுலருந்து லீவு நாளெல்லாம் நிக்கிறா. எங்களுக்கு முன்னால ஓடி ஓடி வெட்டுவா. இப்ப என்னமோ அவளால முடியல."

அவளுடைய கெண்டைச் சதை, ஆறு வருடம் அந்தப் பந்தல் கட்டிக்கொடுத்த வில். அதன் நாணைத்தான் நான் வாரம் மூன்று நாள் எண்ணெய் போட்டு அவிழ்த்திருக்கிறேன். இறுக்கம் என்றால் நோய் என்று நினைத்தேன். அந்த இறுக்கம்தான் அவளைத் தூக்கிக்கொண்டிருந்தது. இந்தப் பள்ளத்தாக்கிலேயே வாழ்ந்துகொண்டு, இந்தத் திராட்சையைத் தின்றுகொண்டு, அதை யார் எப்படிப் பறிக்கிறார்கள் என்று தெரியாமல் இருந்தவள் நான். வெட்கமாக இருந்தது. இதைச் சொல்லும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இந்த இடத்தில்தான். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கோச் என் படிப்பை நம்பினார், அம்மா கோச்சை நம்பினார். பெண் பயந்துவிட்டாள், பரீட்சை அலுப்பு, அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிவிடலாம். எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். நம் தொழிலில் தப்பு செய்தால் ரத்தம் வராது. அதனால்தான் தப்பை மறைப்பது இங்கே ரொம்பச் சுலபம்.

மைதானத்துக்குப் போய்க் கோச்சிடம் சொன்னேன். அவர் விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இனிமே என்ன செய்யணும், அதச் சொல்லுங்க," என்றார்.

"நான் அவ காலத் தொட மாட்டேன். இழுத்து விடுறதும் வேண்டாம். காலைல தோட்டத்துக்குப் போகட்டும். சாயங்காலம் தாண்டட்டும்."

"தோட்டத்துக்கா? நீங்கதான மேடம் வேணாம்னீக?"

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

கோச்சிடம் சொல்ல வந்த தைரியம் பேச்சியிடம் சொல்ல வரவில்லை. "பயிற்சி முறை மாறுது," என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். "அப்ப, படுக்க வேணாமாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

மூன்று வாரத்தில் காலின் விசை கொஞ்சம் திரும்பி வந்தது. குதிகால் மறுபடி மேலே எழும்பத் தொடங்கியது. கம்பு சில நாள் நின்றது, சில நாள் விழுந்தது. காற்று மாதம் பிறந்துவிட்டது. மைதானத்தில் சாரல் பறந்துகொண்டிருந்தது. நான் ஓரமாக நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

மதுரையில் செலக்‌ஷன் அன்று சுள்ளென்ற வெயில். தாண்டுவதற்கு அரை மணிக்கு முன்னால் பேச்சி என்னிடம் வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் பிடிச்சு விடுங்களேன். காலெல்லாம் உதறுது."

என் கை எழுந்துவிட்டது. பயந்த பிள்ளை கேட்கும்போது கொடுக்காமல் இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை நம் தொழிலில் இல்லை. அந்த நேரத்தில் அவள் சதையை இளக்கினால் மிச்சம் இருக்கும் விசையும் போகும் என்று தெரியும். "இன்னிக்கு வேணாம்டி," என்றேன். அவள் முகம் வாடியது. திரும்பி நடந்தாள்.

இரண்டு உயரங்களைச் சுத்தமாகத் தாண்டினாள். மூன்றாவதில் இரண்டு முறை தவறியது. கடைசி முறை உடம்பு முழுக்கக் கம்பைத் தாண்டிவிட்டது. இறங்கும்போது குதிகால் லேசாக உரசியது. கம்பு ஆடியது. நிற்கும் போல இருந்தது. விழுந்தது. இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. அந்தப் பெண்ணும் நன்றாகத்தான் தாண்டினாள்.

பேச்சி அடுத்த வருடம் வேறொரு கல்லூரியில் சேர்ந்தாள். அந்த ஒரு வருடம் பந்தலில் நின்று, மைதானத்தில் தாண்டி, அவளாகவே சேர்ந்தாள். அதில் எனக்குப் பங்கில்லை. நான் சொல்ல வந்தது செலக்‌ஷன் முடிந்த அந்தச் சாயங்காலத்தை.

கூட்டம் கலைந்துவிட்டது. கேலரிப் படியில் பேச்சி தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனியும் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். உன் கால் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் கெடுத்தேன், மூன்று மாதமாக உன்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டேன், மன்னித்துவிடு என்றேன்.

அவள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"காலு செத்துப்போச்சுன்னு. பங்குனிலயே தெரியும். ஊனுனா மண்ணு திருப்பித் தள்ளவே இல்ல."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

படியில் கிடந்த மண்ணை விரலால் தள்ளினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சொன்னா நிப்பாட்டிருவீகள்ல. ஆத்தா தோட்டத்துல நின்னா வீட்டு வேலை பூராம் எனக்கு, படிப்பு வேற, இங்கன வந்தா ஓட்டம். அந்த பெஞ்சுல படுக்குறப்பதான் எனக்குத் தூக்கமே வரும். கம்பு நாளைக்கு நின்னுக்கிரும், நாளைக்குச் சொல்லிக்கிருவோம்னு இருந்துட்டேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கால் இரண்டையும் தூக்கி என் மடிமேல் நீட்டி, படியிலேயே சாய்ந்து படுத்தாள்.

"இப்பத்தான் எல்லாம் முடிஞ்சுபோச்சுல்ல," என்றாள். "இப்பப் பிடிச்சு விடுங்க."

பிடித்துவிட்டேன். எண்ணெய் இல்லை, வெறும் கைதான். வேப்ப மரத்தின் நிழல் நீண்டு படிவரைக்கும் வந்திருந்தது. தூரத்தில் கோச் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கையைக் காட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்று நானும் கையைக் காட்டினேன்.

"பேச்சி," என்றேன், "உனக்கு இப்ப எப்படி இருக்கு?"

நான்கு மாதத்தில் அவளிடம் நான் அதைக் கேட்டது அதுதான் முதல்முறை. அவள் தூங்கிவிட்டிருந்தாள்.